தங்கள் ஆணைப்படி

எனக்குப் பாட வராது, ஆட வராது, கோலம் போட்டால் ஒரு பக்கம் வீங்கும். நன்றியுரை மட்டும் வரும். கூட்டம் முடிகிற நேரத்தில் மைக்கைக் கையில் தந்து "நாலு வார்த்தை சொல்லுங்கோ" என்றால் நாற்பது வார்த்தை சொல்வேன். மண்டபக் கதவைப் பூட்ட வந்து வாசலில் நிற்கிறவரைக்கூட விடமாட்டேன். ஒரு வருடம் பனி வழிக்கும் மெசின் ஓட்டுநருக்கும் நன்றி சொன்னேன். அந்த மனிதர் விழாவுக்கு வரவே இல்லை. "அவர் ரோட்டை வழிச்சுத் தந்திராட்டி நாங்கள் ஏது, விழா ஏது?" என்று கேட்டேன். சனம் விழுந்து விழுந்து சிரித்துக் கை தட்டியது. அன்றிலிருந்து மொன்றியலில் நான் நன்றியுரை அக்கா. என்னைவிட வயது கூடினவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், என்ன செய்ய!

நன்றியுரைக்கு ஒரு முறை இருக்கிறது. "நான் செய்தேன்" என்று மட்டும் வாய் தவறியும் வரக்கூடாது. முன்வரிசையில் இருக்கிறவர் ஆணையிட்டார், நாங்கள் அடிபணிந்தோம், அவ்வளவுதான். பொங்கலுக்கு இருநூறு வடை சுட்டது நான். விடிய எழும்பி, உளுந்து அரைத்து, எண்ணெய் தெறித்து, கையில் இப்போதும் மூன்று பொட்டு இருக்கிறது. மேடையில் என்ன சொன்னேன்? "தலைவர் அவர்களின் சீரிய வழிகாட்டலில் வடை சிறப்புற அமைந்தது" என்றேன். எங்கள் சங்கத் தலைவருக்கு எண்ணெய்ச் சட்டி எந்தப் பக்கம் இருக்கும் என்பதே தெரியாது. அவர் சென்னைக்காரர், ஓய்வுபெற்ற எஞ்சினியர், தங்கமான மனிதர். வடையைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் அதில் ஓட்டை இருக்கும் என்பதுதான்.

இந்த நன்றி சொல்லும் வியாதி என்னை ஒரு வெளிநாட்டு அரசின் ஆளாக்கப் பார்த்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பொங்கல் விழாவுக்கு ஒரு நாட்டின் துணைத் தூதரகத்திலிருந்து அதிகாரி ஒருவர் பிரதம விருந்தினராக வந்தார். தமிழ் நன்றாகத் தெரிந்தவர். எந்த நாடு என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். என் அக்கா எந்த ஊரில் இருக்கிறாள் என்றும் சொல்லமாட்டேன், சொன்னால் நாட்டைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். அஹுன்ட்சிக் பகுதியில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபம்தான் எங்கள் விழா மண்டபம். அதிகாரிக்குப் பொன்னாடை போர்த்தினோம், மூன்று வடை கொடுத்தோம். அவர் மூன்றாவது வடையில் இருந்தபோது நான் பக்கத்தில் போய் நின்று, நெடுநாளாக என் நெஞ்சில் கிடந்ததைச் சொன்னேன்.

"ஐயா, மொன்றியலில ஏறினா நேரா எங்கட பக்கத்தில போய் இறங்கிற மாதிரி ஒரு பிளேன் இல்லை. நடுவில ஒரு இடத்தில இறக்கி, ஏத்தி, ஓட விட்டுக் கொல்லுறாங்கள். எங்கட எம்.பி.யிட்ட ஒருக்கா கேட்டுப் பாப்பமோ எண்டு யோசிக்கிறன்."

"நல்ல யோசனைதான்" என்றார். பிறகு "சம்பல் இன்னும் கொஞ்சம் இருக்குமா?" என்றார். அவர் சொன்னது இவ்வளவுதான். இந்த இரண்டு வசனத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளேன் எனக்காக இல்லை, என் அக்காவுக்காக. அவளுக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டது. பெரிய விமான நிலையங்களில் ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு நடக்க அவளால் முடியாது. சக்கர நாற்காலி தருவார்கள் என்றால், "நான் என்ன வருத்தக்காரியோ? என்னைத் தள்ளிக்கொண்டு போறதை ஊர் பாக்கவோ?" என்று சீறுவாள். அந்த விமான நிலையத்தில் அவளை அறிந்த ஊரார் எவர் வந்து நிற்கப்போகிறார்கள் என்று கேட்டால் அதற்கும் ஏச்சு. "ஒருக்கா ஏறி ஒருக்கா இறங்கிறதெண்டா வாறன். அப்பிடிப் பிளேன் வரட்டும், பேந்து பாஸ்போட் எடுப்பம்." இருபத்திரண்டு வருடமாக நான் இங்கே, அவள் அங்கே. அவள் பாஸ்போட்டும் எடுக்கவில்லை, பிளேனும் வரவில்லை.

பொங்கல் முடிந்த கிழமையே மனு எழுதினேன். கோயில், கடை, பஸ் தரிப்பு என்று அலைந்து நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கினேன். எம்.பி.யின் தொகுதி அலுவலகத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நேரம் தந்தார்கள். பெரிய மனிதரைப் பார்க்க வெறுங்கையோடு போவதா? விழா முடிந்து கதிரை அடுக்கும்போது, அந்தத் தூதரக அதிகாரி தன் பொன்னாடையைக் கதிரையிலேயே மறந்துவிட்டுப் போயிருந்ததை எடுத்து வைத்திருந்தேன். ஒருமுறை போர்த்தியது, மடிப்புக்கூடக் கலையவில்லை. எங்கள் ஆட்களின் வீடுகளில் பொன்னாடை ஒரு இடத்தில் நிற்பதில்லை, ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்குப் போய்க்கொண்டே இருக்கும். எம்.பி.யின் தோளில் போர்த்தினேன். எம்.பி.க்கு வாயெல்லாம் பல். படம் எடுத்தோம், சங்கத்தின் இணையப் பக்கத்தில் போட்டோம்.

பிறகுதான் நான் அந்தக் கடிதத்தை எழுதினேன். விருந்தினராக வந்தவருக்கு நன்றிக் கடிதம் எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இதோ, எழுத்துக்கு எழுத்து:

"பேரன்புடையீர், எமது பொங்கல் விழாவில் தங்கள் பொற்பாதம் பதித்துச் சிறப்பித்தமைக்கு உளங்கனிந்த நன்றிகள். அன்று தாங்கள் திருவாய் மலர்ந்தருளிய ஆணையைச் சிரமேற்கொண்டு, தங்கள் மேலான வழிகாட்டலின் கீழ், நேரடி விமான சேவை தொடர்பாக எமது பாராளுமன்ற உறுப்பினரைச் சந்தித்து மனுவைச் சமர்ப்பித்தோம். தாங்கள் மனமுவந்து விட்டுச்சென்ற பொன்னாடையைத் தங்கள் அன்பளிப்பாக அவருக்கு அணிவித்து மகிழ்ந்தோம். இனியும் தாங்கள் இடும் எப்பணியையும் செய்யச் சித்தமாக உள்ளோம். இங்ஙனம், தங்கள் பணிவுள்ள செயலாளர்."

பொன்னாடையை மறந்துவிட்டுப் போனார் என்று எழுதினால் மனிதருக்கு வெட்கமாக இருக்குமே என்றுதான் மனமுவந்து என்று போட்டேன். வாசித்துப் பார்த்தேன், எனக்கே கண் கலங்கியது. முத்திரை ஒட்டி அனுப்பினேன். கோப்பில் ஒரு பிரதியும் வைத்தேன்.

அடுத்த கிழமை எனக்கு இன்னொரு கடிதம் வந்தது. குடியுரிமைச் சத்தியப்பிரமாணத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். நான் குசினியில் அகப்பையும் கையுமாக ஒரு சுற்றுச் சுற்றினேன். அந்தக் காகிதத்துக்காக நான் பட்ட பாடு அப்படி. என் பிறந்த திகதி ஒரு பத்திரத்தில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் இன்னொரு விதமாகவும் இருந்ததால், இரண்டு முறை விண்ணப்பம் திரும்பி வந்தது. என் மனிசன் எப்போதோ எடுத்துவிட்டார். தேர்தல் வந்தால் அவர் சட்டை மாற்றிக்கொண்டு வோட்டுப் போடப் போவார், நான் காருக்குள் இருந்து கடலை தின்பேன். இனி அது இல்லை. இன்னும் பதினைந்து நாள்தான். நாட்காட்டியில் வட்டம் போட்டேன். போதாது என்று வட்டத்துக்கு வெளியே இன்னொரு வட்டமும் போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை தலைவர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கட்டுக் காகிதம், சிவப்புப் பேனாவால் கீறியது. சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே வந்துவிட்டார். அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை.

"ஏம்மா, நாம ஏஜெண்ட் ஆயிட்டோம்னு நெனைக்கிறேன்" என்றார்.

"என்ன ஏஜெண்ட்? இன்சூரன்ஸோ?"

"வெளிநாட்டு கவர்மெண்ட் ஏஜெண்டும்மா! புதுச் சட்டம் ஒண்ணு வந்திருக்கு. படிச்சேன். ராத்திரி பூரா தூக்கமே இல்ல."

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். மேசையில் காகிதத்தை விரித்து, பாலத்துக்கு வரைபடம் விளக்குகிறவர் மாதிரி ஒவ்வொரு கோடாக விளக்கினார். சட்டம் ஒரு நாட்டை மட்டும் சொல்லவில்லை, எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். ஒரு வெளிநாட்டு அரசு சொல்லி, அல்லது அதோடு சேர்ந்து, இங்கே எம்.பி.மாரோடோ அதிகாரிகளோடோ கதைத்தாலோ, ஊடகத்திலோ இணையத்திலோ பரப்பினாலோ, காசு பொருள் கொடுத்தாலோ, அது இந்த நாட்டு அரசாங்க முடிவு ஒன்றைப் பற்றியதாக இருந்தால் பதிய வேண்டும். ஒரு பதிவேடு வருகிறது, அதில் எவரும் பார்க்கலாம். பதிவதற்கு இரண்டு கிழமை. பதியாவிட்டால் தண்டனை.

"சரி, அதுக்கு எங்களுக்கு என்ன?" என்றேன்.

அவர் மேசையிலிருந்த சங்கக் கோப்பைத் திறந்து என் கடிதத்தின் பிரதியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "வெளிநாட்டு அரசு சொல்லி, அப்படின்னு சட்டத்துல இருக்கு. இங்க பாருங்க, 'தாங்கள் திருவாய் மலர்ந்தருளிய ஆணையைச் சிரமேற்கொண்டு.' எம்.பி.யோட பேசினா, அப்படின்னு இருக்கு. 'பாராளுமன்ற உறுப்பினரைச் சந்தித்து.' பொருள் கொடுத்தா. 'தங்கள் அன்பளிப்பாகப் பொன்னாடை.' இணையத்துல பரப்பினா. நம்ம பக்கத்துல போட்டோ இருக்கு, நாப்பது லைக்கு!" அவர் குரல் கீச்சிட்டது. "கடைசி வரியப் பாருங்கம்மா. 'இனியும் தாங்கள் இடும் எப்பணியையும்.' எப்பணியையும்! ஒரு பணியோட நிறுத்தியிருக்கக் கூடாதா?"

நாட்காட்டியைப் பார்த்தேன். இரண்டு வட்டமும் என்னைப் பார்த்தன. ஐயோ கடவுளே, மூன்றாம் முறையும் திரும்பப் போகிறதா?

என் மனிசனுக்கு டவுன்டவுனில் ஒரு உணவகத்தில் சமையல் வேலை. வேலை முடிந்து வந்ததும் முழுதையும் கேட்டார், கடிதத்தையும் இரண்டு முறை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "இஞ்சேரும், உளவு பாக்கிறவன் ஒளிச்சுத்தான் பாப்பான். வாக்குமூலத்தைத் தானே வடிவா எழுதி, கையெழுத்தும் வைச்சு, முத்திரையும் ஒட்டி அனுப்பின உளவாளி உலகத்திலேயே நீர் ஒராள்தான்."

"எனக்கு உயிர் போகுது, உமக்குப் பகிடி!"

"நீர் ஏன் ஆணை எண்டு எழுதினனீர்? அந்தாள் சம்பல்தானே கேட்டது?"

"பின்னை, சம்பல் கேட்டமைக்கு நன்றி எண்டு எழுதவோ? மரியாதை தெரியாதோ உமக்கு?"

கோபத்தில் கதவை அடித்துச் சாத்தினேன். பிறகு மறுப்புக் கடிதம் ஒன்று எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். எழுதி முடித்து வாசித்தால் இப்படி இருந்தது: "பெருமதிப்புக்குரியீர், தங்கள் மேலான அனுமதியுடன், தாங்கள் எமக்கு ஆணை எதுவும் இடவில்லை என்பதைத் தங்கள் விருப்பப்படியே அறிவித்துக்கொள்கிறோம்." மனிசன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். குசினிக்குப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்த சத்தம் கேட்டது. நானும் கிழித்துப் போட்டுவிட்டுச் சிரித்தேன், சிரிக்கும்போதே அழுகையும் வந்தது, எது எதென்று எனக்கே தெரியவில்லை.

புவாண்ட்-கிளேரில் நான் வேலை செய்யும் கிடங்கில் அந்தக் கிழமை முழுக்கப் பெட்டிகளை இடம் மாற்றி மாற்றி அடுக்கினேன். ஆரும் "இதை அங்கே வையுங்கள்" என்றால் "யார் சொல்லி?" என்று கேட்டேன். மேற்பார்வையாளர் நான் தொழிற்சங்கத்தில் சேர்ந்துவிட்டேன் என்று நினைத்தாராம்.

தலைவர்தான் வழி கண்டுபிடித்தார். இந்தச் சட்டத்தைப் பற்றி டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழகத்தில் பொதுமக்களுக்கு விளக்கக் கூட்டம். யாரும் வரலாம். என் சத்தியப்பிரமாணத்துக்கு நாலு நாள் முன்னால். நான் நல்ல சேலை கட்டினேன், அதற்கு மேலே பனிக் கோட்டு, கைப்பையில் கடிதத்தின் பிரதி. மெட்ரோவில் தலைவர் தன் காகிதக் கட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பச்சை வழித்தட ரயிலுக்கு மாறும்போது சொன்னார், "அம்மா, எது கேட்டாலும் சுருக்கமா சொல்லுங்க. நன்றியுரை வேணாம்."

கூட்டத்தை நடத்தியவர் ஒரு சட்ட விரிவுரையாளர், நரைத்த கட்டை முடி, சின்னப் பெண்மணி. பிரெஞ்சில் ஒருமுறை சொன்னார், ஆங்கிலத்தில் ஒருமுறை சொன்னார். நான் இரண்டு முறையும் பயந்தேன். ஆனால் ஒரு விசயம் அவர் வாயிலிருந்துதான் எனக்கு விளங்கியது. வெளிநாட்டு அரசுக்காக இங்கே பேசவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. பேசு, ஆனால் ஆருக்காகப் பேசுகிறாய் என்பதை ஒளிக்காதே என்றுதான் சொல்கிறது. அந்த ஒரு கேள்விதான் முழுச் சட்டமும்: உன் வாயால் பேசுவது ஆர்?

கேள்வி நேரம் வந்தது. நான் எழும்பினேன். தலைவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். தலைப்பை இழுத்து விடுவித்துக்கொண்டு சொன்னேன், "என்னட்ட ஒரு கடிதம் இருக்கு. தமிழில இருக்கு. நானே ஆங்கிலத்தில சொல்லுறன்."

நன்றியுரையை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? செய்யாதீர்கள். "உங்கள் தங்கக் கால்கள் எங்கள் நிலத்தில் பட்டன" என்றேன். முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். "உங்கள் தெய்வீக வாயிலிருந்து வந்த கட்டளையை எங்கள் தலைகளின் மேல் வைத்துக்கொண்டு" என்றேன். பேனாக்கள் நின்றன. "உங்கள் வழிகாட்டலின் கீழ் எங்கள் எம்.பி.யைச் சந்தித்தோம். உங்கள் பட்டுத் துணியை அவர் மேல் போர்த்தினோம்." யாரோ பிரெஞ்சில் மெல்ல ஆண்டவனைக் கூப்பிட்டார்கள். கடைசி வரியைச் சொல்லாமல் விடலாமா என்று யோசித்தேன். ஒளிக்காதே என்று இப்போதுதானே சொன்னார்கள்? "இனியும் நீங்கள் எந்த வேலை தந்தாலும் செய்வோம்" என்று முடித்தேன்.

மண்டபத்தில் ஒரு ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். தலைவர் ஊசியையே தேடுகிறவர் மாதிரி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விரிவுரையாளர் தன் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "அவர் உண்மையில் உங்களிடம் என்ன சொன்னார்?"

"நல்ல யோசனை எண்டார். பேந்து சம்பல் கேட்டார்."

"சம்பல் என்றால்?"

"வடைக்குத் தொட்டுச் சாப்பிடுறது. தேங்காய்ப்பூ, மிளகாய்..." தலைவர் இருமினார். நிறுத்தினேன்.

"எம்.பி.யைப் பார்க்கும்படி அவர் கேட்டாரா? நீங்கள் ஒப்புக்கொண்டீர்களா? பட்டு அவர் கொடுத்ததா?"

"இல்லை. பட்டு நாங்கள் வாங்கினது. அவர் மறந்துபோட்டுப் போனவர்."

"அப்படியானால் ஏன் இவ்வளவும் எழுதினீர்கள்?"

"மரியாதைக்கு" என்றேன்.

அங்கே வெடித்தது சிரிப்பு. கேலிச் சிரிப்பு இல்லை. பின்வரிசையிலிருந்து ஒரு வியட்நாம் அம்மா "எங்கள் வீட்டிலும் அப்படித்தான், எங்கள் வீட்டிலும்!" என்று கத்தினார். ஒரு லெபனான் மனிதர் எழும்பி, தன் மாமாவின் கடிதங்களை ஆங்கிலத்தில் சொன்னால் முழுக் குடும்பத்தையும் பிடித்துக்கொண்டு போவார்கள் என்றார். விரிவுரையாளரும் சிரித்தார், கண்ணைத் துடைத்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"சரி. யோசனை யாருடையது?"

நான் பழக்கத்தில் தலைவர் பக்கம் திரும்பினேன். "எங்கட தலைவர் அவர்களின்..."

"ஐயோ, நான் இல்லைங்க!" தலைவர் துள்ளி எழும்பினார், காகிதம் எல்லாம் பறந்தது. "சத்தியமா நான் இல்ல! எனக்கு அந்த பிளேனே வேண்டாம்!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சின்ன ஒரு சொல்தான். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைத் திமிர் என்பார்கள். ஐம்பது வயதாகப் போகிறது, நூறு மேடை ஏறியிருப்பேன், ஒரு மேடையிலும் நான் அதைச் சொன்னதில்லை.

"நான்" என்றேன். "ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்கு ஒரு அக்கா இருக்கிறா. அவவுக்கு முழங்கால் ஏலாது. நடுவில இறங்கி ஏற மாட்டா. இருபத்திரண்டு வருசம். அதுதான் கேட்டனான். நான்தான் கேட்டனான்."

அக்காவின் முழங்காலைப் பற்றி அத்தனை பேருக்கு முன்னால் சொன்னதற்கு அவள் அறிந்தால் என்னைக் கொன்றிருப்பாள்.

விரிவுரையாளர் மெதுவாகச் சொன்னார், இது சட்ட ஆலோசனை இல்லை, ஆனால் நான் சொன்னபடிதான் நடந்தது என்றால் பதிய ஒன்றும் இருப்பதாகத் தனக்குத் தெரியவில்லை என்று. சொந்த எம்.பி.யிடம் சொந்தத் தேவையைக் கேட்பது எந்த அரசின் வேலையும் இல்லை, என்னுடைய வேலை. சத்தியப்பிரமாணத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போங்கள் என்றார். "இன்னொன்று" என்றார், "அந்தப் பதிவேடு இன்னும் திறக்கவே இல்லை. ஒழுங்குவிதிகள் இன்னும் முடியவில்லை. நீங்கள் பதிய ஆசைப்பட்டாலும் முடியாது."

திறக்காத கடைக்கு முன்னால் ஒரு கிழமைக்கு மேலாக நித்திரை இல்லாமல் வரிசையில் நின்றிருக்கிறோம்! தலைவர் வெளியே வந்ததும் ஒரு டெபானரில், அதுதான் மூலைக் கடையில், ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். பெப்ரவரி மாதம், வெளியே மைனஸ், இரண்டு பேரும் கையுறையோடு நின்று நக்கினோம். "அம்மா" என்றார், "அந்த வடைய நீங்கதானே சுட்டீங்க? என் வழிகாட்டல்னு இனிமே சொல்லாதீங்க. பதியச் சொல்லிடப் போறாங்க."

சத்தியப்பிரமாண நாளில் என் சேலையைப் பார்த்து வாசலில் நின்ற காவலாளியே வாழ்த்துச் சொன்னார். வலது கையை உயர்த்தினோம். நீதிபதி சொல்லச் சொல்ல, நாங்கள் திருப்பிச் சொன்னோம். முதல் சொல்லே "நான்" என்பதுதான். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அந்தச் சொல்லை மட்டும் நான் மற்றவர்களைவிடச் சத்தமாகச் சொன்னேன் என்று மனிசன் பிறகு சொன்னார். முன்னால் இருந்தவர் திடுக்கிட்டாராம்.

அங்கே எங்கள் எம்.பி.யும் வந்திருந்தார். வரிசையாகக் கை கொடுத்துக்கொண்டு வந்தவர் என்னைக் கண்டதும் நின்றார். பொன்னாடையை ஞாபகம் வைத்திருந்தார். விமான மனுவை உரிய அமைச்சுக்கு அனுப்பியிருப்பதாகவும், எதுவும் வாக்குத் தர முடியாது என்றும் சொன்னார். பிறகு, "அந்த மனு சங்கத்தின் சார்பிலா, யாருடைய சார்பில்?" என்று கேட்டார்.

"என்ர சார்பில" என்றேன். நன்றி என்ற சொல்லையே மறந்துவிட்டேன், என் வாழ்க்கையில் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் எடுத்தேன். சேலையின் நிறத்தைக் கேட்டாள், சாப்பாடு தந்தார்களா என்று கேட்டாள். பிறகு வழக்கம்போலக் கேட்டாள், "என்ன, பிளேன் விட்டிட்டினமோ?"

"இல்லை அக்கா. வருமோ தெரியாது. கேட்டிருக்கு."

"ஆர் கேட்டது? உங்கட தலைவரோ?"

"இல்லை. நான்."

"நீயோ?"

"ஓம். நான்தான் கேட்டனான்."

மறுபக்கத்தில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்து "அக்கா, அக்கா" என்றேன்.

"நிக்கிறன்" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. "நாளைக்குப் போய்ப் பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கிறன். காது தெரிய வேணுமாமே, உண்மையோ?"

"ஓம் அக்கா" என்றேன், "காது தெரியவேணும்."